மூலை வீட்டின் ஐந்து அறைகள்

மூலை வீட்டின் சமையலறை முதன்முதலாக இடம் மாறியது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதே முக்காலுக்கும் பத்தேகாலுக்கும் நடுவில். நேரத்தை இவ்வளவு சரியாகச் சொல்ல முடிவதற்குக் காரணம் பால். ஒன்பதே முக்காலுக்கு அந்த வீட்டுப் பெண்மணி அடுப்பைச் சிறியதாக எரியவிட்டுப் பாலை வைத்துவிட்டு, இரண்டு பேண்ட்டுகளின் ஓரத்தை மடித்துத் தைக்கத் தையல் அறைக்குப் போனாள். பத்தேகாலுக்குப் பால் தீயும் வாசனை மூக்கில் ஏறி, எழுந்து ஓடினாள். சமையலறை இருக்க வேண்டிய இடத்தில் படுக்கையறை இருந்தது, கட்டில் விரிப்பு கசங்காமல், ஜன்னல் திரை ஆடாமல். வாசனையைப் பிடித்துக்கொண்டே போனதில், படுக்கையறை இருக்க வேண்டிய இடத்தில் சமையலறை கிடைத்தது. முதலில் அடுப்பை அணைத்தாள், பொங்கி வழிந்திருந்ததைத் துடைத்தாள், பாத்திரத்தை ஊறப் போட்டாள், அதற்குப் பிறகுதான் ஆச்சரியப்பட உட்கார்ந்தாள். அவள் சுபாவம் அப்படி.

பெரிய துணிக்கடை ஒன்றின் மாடியில் ஆல்டரேஷன் பார்ப்பது அவள் வேலை. சட்டை இறுக்குகிறது என்பவருக்குப் பிரித்து விடுவாள், பேண்ட் தரையைக் கூட்டுகிறது என்பவருக்கு மடித்துக் கொடுப்பாள். கடையில் எல்லோருக்கும் அவள் டேப் அக்கா. அவளுடைய கணவர் அதே நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். பிறவியிலேயே பார்வை கிடையாது. ஆஸ்பத்திரியின் நானூற்றுப் பன்னிரண்டு உள் எண்களும் அவருக்கு மனப்பாடம் என்பதால் டாக்டர்கள் முதல் வாட்ச்மேன் வரை அவரை டைரக்டரி என்றுதான் கூப்பிட்டார்கள். எண்கள் அவருக்கு வேலை மட்டும் அல்ல, தரையும் அவைதான். வாசலிலிருந்து பஸ் நிற்கும் இடம் இருநூற்றுப் பதினான்கு காலடி. கட்டிலிலிருந்து குளியலறை ஒன்பது, ஹால் நாற்காலியிலிருந்து சாப்பாட்டு மேசை ஏழு, வாசல்படியிலிருந்து படுக்கையறை பதினொன்று. வீட்டுக்குள் அவர் கோல் இல்லாமல், கையை நீட்டாமல், விடுவிடுவென்று நடப்பார். கண் தெரிகிற விருந்தாளிகள்தான் மேசை முனையில் இடித்துக்கொண்டு இடுப்பைத் தேய்ப்பார்கள்.

இதற்குப் பின்னால் ஒரு சங்கதி உண்டு. கல்யாணமான எட்டாவது வருடம், ஒரு மழை நாளில், அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து மழை பார்க்க ஒரு முக்காலியை ஒரு சாண் நகர்த்தினாள். பார்த்து முடித்ததும் திருப்பிப் போட மறந்துவிட்டாள். அவர் தடுக்கி விழுந்து முன்பல் இரண்டு போயிற்று. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எவ்வளவோ தேவலை. மறுநாள் அவளே கடைக்குப் போய்ச் சின்னச் சின்னப் பித்தளை ஆணிகள் ஒரு பொட்டலம் வாங்கி வந்து, கட்டில், மேசை, நாற்காலி, முக்காலி என்று ஒவ்வொரு காலைச் சுற்றியும் தரையில் நான்கு ஆணி அடித்தாள். அதன் பிறகு பத்தொன்பது வருடம் அந்த வீட்டில் எதுவும் ஒரு நூல்கூட நகரவில்லை. அவளும் நகரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். மாலை ஆறு மணிக்குச் சமையலறை, ஏழரைக்கு மேசையின் வலப்பக்கம், எட்டுக்குத் தையல் அறை. அவருடைய பாதையில் குறுக்கிட்டுவிடாமல் சுவரை ஒட்டியே நடந்து பழகினாள். அவளைத் தேடும் அவசியம் அவருக்கு வரவே இல்லை, அதனால் கூப்பிடும் அவசியமும் வரவில்லை. சண்டை கிடையாது, சத்தம் கிடையாது, பேச்சும் அவ்வளவாகக் கிடையாது. அக்கம்பக்கத்தில் அவர்களைத்தான் உதாரணம் காட்டுவார்கள். தானும் ஆணிகளுக்கு நடுவில் நிற்கிற ஒரு சாமான்தானோ என்று அவளுக்குச் சில மத்தியான நேரங்களில் தோன்றும். தோன்றியதும் வெட்கப்பட்டுக்கொண்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் கடைக்குப் போகவில்லை. மாலை ஐந்தே முக்கால் வரை வாசலிலேயே நின்றாள். அவர் வந்ததும் எப்படி ஆரம்பிப்பது என்று நாள் முழுக்கச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள், ஆனால் அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் அவளைத் தாண்டிவிட்டார். அவர் வழக்கம்போல் உள்ளே போய், பதினோராவது அடியில் இடதுபுறம் திரும்பி, சட்டையைக் கழற்றிக் கொக்கி இருக்கும் இடத்தில் மாட்டினார். சட்டை கரண்டிகளின் மேல் விழுந்தது. கையை மெல்ல நீட்டினார், அடுப்பு தட்டுப்பட்டது.

"எதையாவது நகத்தினியா?" என்றார்.

பத்தொன்பது வருடத்தில் கேட்காத கேள்வி. அவளுக்குச் சுரீர் என்றது. அவர் விரலைப் பிடித்துப் போய்க் கட்டில் காலைத் தொடவைத்தாள், நான்கு ஆணி. மேசைக் காலைத் தொடவைத்தாள், நான்கு ஆணி. நாற்காலி, முக்காலி, அலமாரி, ஒவ்வொன்றும் தன் தன் ஆணிகளுக்குள் சமர்த்தாக நின்றது. அறைக்குள் எதுவும் நகரவில்லை, அறைதான் நகர்ந்திருக்கிறது என்று அவள் கடைசியில் சொன்னாள். அவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, அப்படியானால் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று கேட்டார். வந்தது.

மறுநாள் ஒரு குழாய் ரிப்பேர்க்காரரைக் கூட்டி வந்தார்கள். அவர் அரை நாள் தரையைத் தட்டி, சுவரில் காதை வைத்து, தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் ஒரு இணைப்புகூட விடாமல் சமையலறையின் பின்னாலேயே வந்திருப்பதைக் கண்டுபிடித்தார். இப்படிச் சுத்தமான வேலையைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்று பாராட்டினார். எங்கேயும் ஒழுகவில்லை, அதனால் தனக்கு இங்கே வேலை இல்லை என்று காபியைக் குடித்துவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை குளியலறையும் தையல் அறையும் இடம் மாற்றிக்கொண்டன. அடுத்த வாரம் ஹால் பின்பக்கம் போய்விட்டது. அது மூலை வீடு, முன்னால் தெரு, பின்னால் சந்து. ஹாலோடு வாசல் கதவும் போனதால், மூன்று நாள் அந்த வீட்டுக்குச் சந்து வழியாகத்தான் போகவேண்டியிருந்தது. தபால்காரர் தெருப்பக்கம் வந்து வெறும் சுவரைப் பார்த்து, எந்த ஜன்னல் பக்கத்தில் இருந்ததோ அதில் கடிதங்களைப் போட்டுவிட்டுப் போனார். வீட்டின் வெளி அளவு ஒரு விரல்கூடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவள் டேப் வைத்து அளந்தே பார்த்தாள்.

டைரக்டரி சும்மா விடுகிற ஆள் இல்லை. நானூற்றுப் பன்னிரண்டு எண்களை அடக்கியவருக்கு ஐந்து அறைகள் எம்மாத்திரம்? ஒவ்வொரு மாற்றத்துக்கும் புது அடிக் கணக்கை மனப்பாடம் செய்தார். மனப்பாடம் ஆகி வரும்போது அறைகள் மறுபடி மாறின. பிறகு, இதற்கு ஒரு ஒழுங்கு இருந்தே தீரும் என்று நினைத்தார். எந்தக் கிழமை, எத்தனை மணி, எந்த அறை, எங்கே என்று அட்டையில் பிரெயில் புள்ளி எழுத்தில் குத்தி வைத்தார். அவள் பார்த்துச் சொல்ல, அவர் குத்த, பதினேழு வாரத்தில் ஐம்பத்திரண்டு மாற்றங்கள் சேர்ந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த அட்டைகளைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, நாளை மறுநாள் படுக்கையறை தெருப்பக்கம் வரும் என்று அறிவித்தார். படுக்கையறை இருந்த இடத்திலேயே இருந்தது. அன்றைக்கு நகர்ந்தது குளியலறை, அதுவும் அவர் உள்ளே சோப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது.

இதற்கிடையில் அவளுக்கு ஒரு திருட்டுச் சந்தோஷம் வந்திருந்தது. ஒரு நாள் தையல் அறை கிழக்கே போய், மெஷின் மேல் காலை வெயில் விழுந்தது. ஊசியில் நூல் கோக்கக் கண்ணாடி தேவைப்படவில்லை. இன்னொரு நாள் சமையலறை சந்துப் பக்கம் போய், அதன் ஜன்னல் வழியாக எதிர்வீட்டு மரத்தில் ஒரு அணில் குடும்பம் நடத்துவது தெரிந்தது. இருபத்தேழு வருடம் அதே வீட்டில் இருந்தும் அந்த மரத்தை அவள் பார்த்ததில்லை. கண் விழித்ததும் இன்றைக்கு எந்த அறை எங்கே என்று பார்க்கக் கால் பரபரத்தது. நடு ஹாலில் நடந்தாள், சுவரை விட்டு விலகி. உடனே அவர் ஞாபகம் வந்து குற்ற உணர்ச்சி குத்தியது. தன் மனதில் கிடந்த ஆசைதான் சுவர்களுக்குள் புகுந்து இந்த வேலையைச் செய்கிறதோ என்றுகூடப் பயந்தாள். அவர் பக்கத்தில் இருக்கும்போது முகத்தை மட்டுமல்ல, மூச்சையும் சோகமாக வைத்துக்கொள்ளப் பார்ப்பாள். அவருக்கா தெரியாது?

அவர் குறுகிப்போனார். இதை மறைத்துச் சொல்வதற்கில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தால் ஹால் நாற்காலியில் உட்கார்வார், அவ்வளவுதான். சாப்பாடு அங்கே, ரேடியோ அங்கே. குளியலறைக்குப் போகவேண்டுமானால் சுவரைத் தடவிக்கொண்டு, தவறாகத் திறந்த கதவைச் சத்தம் வராமல் சாத்திக்கொண்டு, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தானே தேடுவார். அவளும் போய்க் கையைப் பிடிக்கத் தயங்கினாள், அவர் யாரையும் கையைப் பிடித்துக் கூட்டிப்போக விட்ட ஆள் இல்லை. இடது முழங்காலில் ஒரு காயம் ஆறுவதற்குள் வலது முழங்காலில் இன்னொன்று வந்தது.

அப்போதுதான் அவருடைய தங்கை வந்தாள். காரியக்காரி, பாசமும் உண்டு. ஊரின் மறுகோடியில், தான் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்திலேயே தரைத்தளத்தில் ஒரு வீடு காலியாக இருக்கிறது, சுவர்கள் எல்லாம் கான்கிரீட், புத்தி கெட்டுப்போய் நடமாடாது என்றாள். அண்ணனுக்கு முகம் தெளிந்தது. லாரிக்கு நாள் குறித்தார்கள். நாத்தனார் பெட்டிகளில் பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்தபோது, அவள் வந்து கதவருகே நின்றாள். அவள் இப்படி ஒரு இடத்தில் வந்து நின்று பேசியதே இல்லை.

"நான் வரலைங்க," என்றாள்.

நாத்தனார் சிரித்துவிட்டாள். அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஏன் என்று கேட்டார். அவள் சொன்னாள், கோர்வையாக இல்லாமல். அந்த முக்காலி விவகாரத்துக்குப் பிறகு தான் மூச்சைப் பிடித்துக்கொண்டே வாழ்ந்ததாக. அவரைக் குற்றம் சொல்லவில்லை, ஆணி அடித்தது தான்தான் என்பதாக. ஆனால் இந்த வீடு நடமாட ஆரம்பித்த பிறகுதான் தானும் நடமாடுவதாக. புது வீட்டுக்குப் போனால் மறுபடி ஆணி அடிக்க வேண்டியிருக்கும், அதற்குத் தன் கையில் தெம்பு இல்லை என்பதாக. எல்லாம் கேட்டுவிட்டு அவர், "என்னால இங்க முடியலம்மா," என்றார். அதுவும் உண்மைதான். இருவர் சொன்னதும் உண்மையாக இருந்ததால் அதற்கு மேல் வாதாட ஒன்றுமில்லை. பாதிப் பெட்டிகளோடு லாரி போயிற்று. அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள், பிறகு சமையலறை எங்கே இருக்கிறது என்று பார்த்து, போய் முகம் கழுவிக்கொண்டாள்.

புது வீடு அவருக்கு இரண்டு நாளில் அடங்கியது. கட்டில் ஆறு, குழாய் நான்கு, வாசல் ஒன்பது. மூன்றாம் நாள் விடுவிடுவென்று நடந்தார். நான்காம் நாள் நடந்து போக எந்த இடமும் இல்லை. எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது, அவரும் இருந்தார். தங்கை வேளாவேளைக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். ஒன்பதாம் நாள் மத்தியானம் அவர் ஆஸ்பத்திரி எக்ஸ்சேஞ்சிலிருந்து துணிக்கடைக்குப் போன் போட்டார். மின்சாரக் கட்டண அட்டை எங்கே என்று கேட்கத்தான் போட்டார். அவள் சொன்னதும் வைத்திருக்கலாம். வைக்காமல், "இன்னிக்கு வீடு எப்படி இருக்கு?" என்றார்.

அவள் சொல்ல ஆரம்பித்தாள். காலையில் ஹால் தெருப்பக்கம்தான் இருந்தது, ஆனால் முன்பின்னாகத் திரும்பி நின்றது, அதனால் கடிகாரம் இப்போது வலது கைப்பக்கம். குளியலறை நடுவில் வந்துவிட்டது, நான்கு பக்கமும் அறைகள், குளித்தால் வீடு முழுக்கச் சோப்பு மணக்கிறது. படுக்கையறை ஜன்னல் இப்போது பள்ளிக்கூடத்தைப் பார்க்கிறது, மணி அடித்தால் கட்டில் அதிர்கிறது. அவர் குறுக்கே குறுக்கே கேட்டார், அணில் இன்னும் இருக்கிறதா, சமையலறையில் இப்போது என்ன சத்தம் கேட்கிறது, தரை எங்கே சில்லென்று இருக்கிறது. கவுண்டரில் ஒரு மாப்பிள்ளை இடுப்பு தளர்ந்த பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு இருபது நிமிடம் நின்றார். ஆஸ்பத்திரியில் அந்த இருபது நிமிடமும் ஒரு போனும் இணையவில்லை என்று புகார் வந்தது. மறுநாளும் போன் வந்தது. அதற்கு மறுநாள் வரவில்லை, அவள் மெஷினை நிறுத்தி நிறுத்திப் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அன்று மாலை வெயில் சாய்வதற்கு முன்னால் அவர் மூலை வீட்டுக்கு முன்னால் வந்து நின்றார். பஸ் நிறுத்தத்திலிருந்து இருநூற்றுப் பதினான்கு அடி சரியாக இருந்தது. வாசல்தான் இல்லை. கோலால் தட்டினார், சுவர். இரண்டடி தள்ளித் தட்டினார், அதுவும் சுவர். தெருவில் போனவர்கள் உதவி செய்ய வந்து, கதவைத் தேடி, அவர்களும் சுவரைத் தடவினார்கள். அவர் அவர்களை விலகச் சொன்னார். தொண்டையைச் செருமினார். இருபத்தேழு வருடத்தில் செய்யாததைச் செய்தார். அவளைக் கூப்பிட்டார், உரக்க, தெருவே கேட்க.

"எங்க இருக்க?"

"சமையக்கட்டுல!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"சமையக்கட்டு எங்க இருக்கு?"

அவள் ஜன்னலுக்கு ஓடி வந்தாள். வாசல் சந்துப் பக்கம் போயிருக்கிறது, வலது கையைச் சுவரில் வைத்துக்கொண்டு வாருங்கள், மூலையில் ஒரு சைக்கிள் நிற்கிறது பார்த்து என்றாள். சொல்லிக்கொண்டே உள்ளே அறை அறையாக அவரோடு கூடவே நடந்தாள், ஒவ்வொரு ஜன்னலிலும் நின்று பேசினாள். சுவருக்கு வெளியே அவர், உள்ளே அவள். கதவுக்கு வந்து சேர்ந்தபோது இருவருக்கும் மூச்சு வாங்கியது. காபி குடிக்கிறீர்களா என்று அவள் கேட்டாள். குடிக்கிறேன், நீ முன்னால் பேசிக்கொண்டே போ என்றார் அவர்.

அதன் பிறகு வருடங்கள் ஓடின. ஆணிகளை அவரே ஒரு விடுமுறை நாளில் குறடு வைத்துப் பிடுங்கினார். முழங்காலில் அடிபடுவது நிற்கவில்லை, ஆனால் அடிபட்டால் இப்போது வாய்விட்டுத் திட்டினார், அவளும் திருப்பிச் சொன்னாள். சத்தமே இல்லாத வீடு என்று பேரெடுத்த வீட்டிலிருந்து காலை முதல் பேச்சுச் சத்தம் கேட்டது. எங்க இருக்க, இங்க இருக்கேன், இங்கன்னா எங்க, நேத்து கட்டில் இருந்த இடத்துல. இப்போதெல்லாம் ரொம்பச் சண்டை போடுகிறார்கள் என்று அக்கம்பக்கத்தில் வருத்தப்பட்டார்கள். தங்கை வந்து பார்த்துவிட்டு, அண்ணனுக்கும் ஏதோ பிடித்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு போனாள், ஆனால் வரும்போதெல்லாம் எந்த அறையில் தூங்க வைக்கப்போகிறார்கள் என்று ஆவலோடு கேட்டாள். ஆஸ்பத்திரியில் ஒரே நாளில் எல்லா எண்களையும் மாற்றினார்கள். மற்ற ஆபரேட்டர்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்தபோது, டைரக்டரி மட்டும் ஒவ்வொரு பிரிவுக்கும் தானே போன் போட்டு, நீங்கள் இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். வீட்டு வரைபடம் கேட்டு வந்த நகராட்சி ஊழியர் மூன்று தடவை வரைந்து மூன்று தடவை கிழித்தார். கடைசியில், அறைகள் ஐந்து, அமைப்பு அன்றன்றைக்கு உள்ளபடி என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அதிகாரிகள் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

ஐந்து என்பது பிறகு தவறாகிப்போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் ஹாலில் தன் பழைய ரவிக்கை ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, அவர் எங்கிருந்தோ அவளைக் கூப்பிட்டார். குரல் தையல் அறைக்கு அப்பாலிருந்து வந்தது. தையல் அறைக்கு அப்பால் அன்றைக்கு எதுவும் இருக்கக் கூடாது, சந்துதான் இருக்க வேண்டும். போய்ப் பார்த்தாள். அலமாரிக்குப் பக்கத்தில் இதுவரை பார்த்திராத ஒரு கதவு திறந்திருந்தது. உள்ளே ஜன்னல் இல்லை, விளக்கு இல்லை, கும்மிருட்டு. கண்ணைக் கசக்கிப் பார்த்தாலும் ஒன்றும் தெரியவில்லை.

"இங்க ஒரு ரூம் இருக்கு," என்றார் அவர், இருட்டின் ஆழத்திலிருந்து, கண்டுபிடித்தவரின் பெருமை குரலில் ததும்ப. "பெரிய ரூம். உள்ள வா."

ஒன்றும் தெரியவில்லையே என்றாள் அவள். எத்தனை அடி உள்ளே இருக்கிறீர்கள் என்று கேட்டாள்.

"எண்ணலையே," என்றார் அவர். "நான் பேசிட்டே இருக்கேன், நீ வா."

அவர் பேச ஆரம்பித்தார். தரை வழுவழுவென்று இருப்பதாக, ஈரச் சுண்ணாம்பு வாசனை அடிப்பதாக, இடதுபக்கம் சுவரில் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு மாடம் இருப்பதாக, எதிரொலியை வைத்துப் பார்த்தால் கூரை நல்ல உயரம் என்பதாக. இங்கே என்ன வைக்கலாம் என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் தானே நாலைந்து யோசனை சொன்னார். அவள் ஒரு கணம் வாசலில் நின்றாள். பிறகு இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு, அந்தக் குரலைப் பிடித்து நடந்தாள்.